நன்னீர் மீன்தொட்டியில் மீன் இறப்பு

நன்னீர் மீன்தொட்டியில் மீன் இறப்பு என்பது வீடுகளில் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கப்படும் வண்ண மீன்கள், புண்ணோ புள்ளியோ வீக்கமோ வெளியே தெரியாத நிலையில் திடீரென இறப்பதைக் குறிக்கும். இவ்வாறான இறப்பு பெரும்பாலும் நோயினால் ஏற்படுவதில்லை. நீரில் ஏற்படும் மாற்றத்தினாலேயே ஏற்படுகிறது. அமோனியா, குளோரின், ஆக்சிசன் குறைவு, பி.எச். மதிப்பின் திடீர் ஏற்றஇறக்கம், பூச்சிக்கொல்லி ஆகிய ஐந்தும் முதன்மையான காரணங்கள். இவற்றுள் எதுவும் நீரின் நிறத்தை மாற்றுவதில்லை. தெளிந்த நீர் நல்ல நீர் என்னும் நம்பிக்கையே காரணத்தைக் கண்டறிவதற்கு முதல் தடையாக உள்ளது.

இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஆகியவை அடங்கிய வடசென்னைக் கடலோரப் பகுதி இப்பொருளைப் புரிந்துகொள்ள ஏற்ற எடுத்துக்காட்டு ஆகும். சென்னையின் வண்ண மீன் வணிகத்திற்குப் பெயர்பெற்ற கொளத்தூர் இதற்கு அருகில் இருப்பதால் மீன் எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் மீனை விடும் தண்ணீர் மாதந்தோறும், சில வீடுகளில் வாரந்தோறும், வெவ்வேறு மூலத்திலிருந்து வருகிறது. துறைமுகமும் அனல்மின் நிலையங்களும் உரத் தொழிற்சாலையும் சூழ்ந்த பகுதி என்பதால் தொட்டியில் மீன் இறந்தால் பழி முதலில் வெளிக்காற்றின் மீது விழுவதும் உண்டு. அந்தப் பழி எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது கீழே கணக்கிட்டுக் காட்டப்பட்டுள்ளது.

இறப்பின் ஒழுங்கு

மீன் இறந்தவுடன் பலரும் கடைக்குச் சென்று நீலநிற மருந்தை வாங்கி ஊற்றுகின்றனர். அதற்கு முன் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று: எப்பொழுது இறந்தன? எந்த மீன்கள் முதலில் இறந்தன? அதற்கு முந்தைய இரண்டு நாட்களில் என்ன மாறியது?

விடியற்காலையில் இறந்திருந்தால் ஆக்சிசன் குறைவை முதலில் ஐயுற வேண்டும். பகலில் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிசனை வெளியிடும் நீர்த்தாவரங்களும் பாசியும் இரவில் மீன்களைப் போலவே ஆக்சிசனை உட்கொள்கின்றன. எனவே கரைந்த ஆக்சிசன் மிகக் குறைவாக இருக்கும் நேரம் சூரிய உதயத்திற்குச் சற்று முன்பாகும். இத்தகைய இறப்பில் பெரிய மீன்கள் முதலில் இறக்கும். சிறிய மீன்கள் நீர்ப்பரப்பில் வாய்வைத்துத் தாக்குப்பிடிக்கும். ஃபைட்டர், கௌராமி ஆகிய மீன்கள் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் தனி உறுப்பைக் கொண்டவை. ஏரிகளில் வாழும் பனையேறி மீனும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. தங்கமீன்கள் இறந்து ஃபைட்டர் மட்டும் பிழைத்திருந்தால் ஆக்சிசன் குறைவுக்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

நீர் மாற்றிய சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்திற்குள் இறந்தால் குளோரினையும், மறுநாள் இறந்தால் பி.எச். மாற்றத்தையும் அமோனியாவையும் முதலில் ஆராய வேண்டும். எல்லா இன மீன்களும், காற்றைச் சுவாசிப்பவை உட்பட, ஒரே நேரத்தில் துடித்துச் சுழன்று இறந்தால் நஞ்சு எனக் கொள்ளலாம். மாறாக, இரண்டு மூன்று வாரங்களில் ஒன்றன்பின் ஒன்றாக, பெரும்பாலும் ஒரே இன மீன்கள் இறந்தால் மட்டுமே நோய் என்னும் எண்ணம் முன்னுக்கு வரவேண்டும். புதிய தொட்டி அமைத்த முதல் ஆறு வாரங்களுக்குள் நிகழும் இறப்பு, வேறு சான்று கிடைக்கும்வரை, அமோனியாவால் நேர்ந்தது என்றே கருதத்தக்கது.

அமோனியா

மீன் உண்ட புரதத்திலுள்ள நைட்ரசனின் பெரும்பகுதி செவுள்கள் வழியாக அமோனியாவாக வெளியேறுகிறது. உண்ணப்படாத உணவும் இறந்த இலைகளும் அழுகும்போதும் அமோனியா உண்டாகிறது. ஆற்றிலும் ஏரியிலும் இது பெருமளவு நீரில் கலந்து மறைகிறது. இரண்டடித் தொட்டியில் உள்ள நீரோ ஏறத்தாழ 50 லிட்டர் மட்டுமே.

தொட்டியைக் காப்பவை வடிகட்டியின் பஞ்சிலும் கூழாங்கற்களிலும் படியும் பாக்டீரியாக்கள் ஆகும். இவற்றுள் ஒரு வகை அமோனியாவை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. உருசிய நுண்ணுயிரியலாளர் செர்கே வினோகிராத்ஸ்கி 1890ஆம் ஆண்டளவில் இப்பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார். இரு படிகளையும் ஒரே பாக்டீரியாவே செய்து முடிக்கக்கூடும் என்பது 2015இல் வெளிவந்த ஆய்வுகளால் தெரியவந்தது. அவற்றுள் ஒன்றில் அந்த உயிரி மீன் வளர்ப்பு அமைப்பொன்றின் வடிகட்டியிலிருந்தே கண்டறியப்பட்டது. இவை மெதுவாகப் பெருகுவதால் புதிய தொட்டி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகின்றன. இடைப்பட்ட காலத்தில் முதலில் அமோனியாவும் பின்னர் நைட்ரைட்டும் உச்சத்தை அடைகின்றன. நைட்ரைட்டு இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினை ஆக்சிசன் சுமக்க இயலாதபடி மாற்றிவிடுகிறது. அவ்வாறு இறந்த மீனின் செவுள் சிவப்பாக இல்லாமல் பழுப்பு நிறத்தில் காணப்படும்.

அமோனியா நீரில் இரு வடிவங்களில் உள்ளது. மின்னேற்றமற்ற அமோனியா செவுளை எளிதில் ஊடுருவும் நஞ்சு. மின்னேற்றம் பெற்ற அமோனியம் ஒப்பீட்டளவில் தீங்கு குறைந்தது. எது எவ்வளவு என்பதை நீரின் பி.எச். மதிப்பும் வெப்பநிலையும் முடிவு செய்கின்றன. 30 பாகை செல்சியசு வெப்பத்தில், பி.எச். 6 உள்ள நீரில் மொத்த அமோனியாவில் சுமார் 0.08 விழுக்காடு மட்டுமே நச்சு வடிவத்தில் இருக்கும். பி.எச். 7இல் அது 0.8 விழுக்காடு, பி.எச். 8இல் 7.4 விழுக்காடு. பி.எச். அளவு ஓர் எண் கூடினால் நஞ்சு ஏறக்குறைய பத்து மடங்காகிறது. லிட்டருக்கு 0.02 மில்லிகிராம் என்னும் அளவைத் தாண்டிய நச்சு வடிவ அமோனியா நாட்பட மீனுக்குத் தீங்கு செய்யும் என மீன் வளர்ப்பு நூல்கள் பொதுவாகக் குறிப்பிடுகின்றன.

'அமோனியா அளவு என்ன' என்று மட்டும் கேட்டறிவது ஏன் போதாது என்பதை இந்த எண்கள் விளக்குகின்றன. ஒரே அளவு அமோனியா, புழல் ஏரித் தண்ணீரில் தாங்கக்கூடியதாகவும் கடலோரக் கிணற்றுத் தண்ணீரில் உயிர்கொல்லியாகவும் அமையலாம்.

எண்ணூர்க் கசிவும் வீட்டுத் தொட்டியும்

2023ஆம் ஆண்டு டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூரில் கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் உள்ளிட்ட மீனவர் குடியிருப்புகளைச் சேர்ந்த மக்கள் மூச்சுத்திணறலுடனும் கண்ணெரிச்சலுடனும் வீடுகளைவிட்டு வெளியேறினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தொழிற்சாலை வாயிலருகே காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அமோனியா இருந்ததாகத் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் தெரிவித்தது. 24 மணி நேரச் சராசரிக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 400 மைக்ரோகிராம் ஆகும். கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம் காணப்பட்டது. வரம்பு 5 மில்லிகிராம்.

கடலைப் பொறுத்தவரை 49 மில்லிகிராம் என்பது மிகக் கொடிய அளவு. கடல்நீரின் பி.எச். 8ஐ ஒட்டியது என்பதால் அதில் நச்சு வடிவமும் மிகுதி. காற்றின் வழியே இந்த அமோனியா ஒரு வீட்டுத் தொட்டியை எவ்வளவு பாதிக்கும் என்பது தனிக் கேள்வி. காற்றுப் பம்பு அறைக்காற்றையே நீருக்குள் செலுத்துவதால் இக்கேள்வி பொருளற்றது அன்று.

நிமிடத்திற்கு 2 லிட்டர் காற்றைத் தள்ளும் பம்பு ஒரு நாளில் 2.88 கன மீட்டர் காற்றைத் தொட்டிக்குள் செலுத்துகிறது. தொழிற்சாலை வாயிலில் பதிவான அதே அளவு அமோனியா வீட்டினுள்ளும் நாள் முழுவதும் நிலவியதாகவும், பம்பு வழியே சென்ற அமோனியா முழுவதும் நீரில் கரைந்ததாகவும் கொள்வோம். அப்போது கரைவது ஏறத்தாழ 6 மில்லிகிராம். 50 லிட்டர் தொட்டியில் இது லிட்டருக்கு 0.12 மில்லிகிராம். பி.எச். 8, வெப்பம் 30 பாகை என்றால் நச்சு வடிவம் 0.009 மில்லிகிராம், அதாவது மேற்சொன்ன 0.02 என்னும் எல்லையில் பாதிக்கும் குறைவு. நீர்ப்பரப்பு வழியாகவும் சிறிது கரையும் என்றாலும், நன்கு நிலைபெற்ற வடிகட்டியால் இதைச் சமாளிக்க இயலும்.

இதனுடன் ஒரு கிராம் உலர் மீன் உணவை ஒப்பிடலாம். 40 விழுக்காடு புரதம் கொண்ட உணவில் கிராமுக்கு 64 மில்லிகிராம் நைட்ரசன் உள்ளது. அது உண்ணப்படாமல் முழுவதும் அழுகினால் சுமார் 78 மில்லிகிராம் அமோனியா உண்டாகும். அதே தொட்டியில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல். நச்சு வடிவம் 0.11 மில்லிகிராமைத் தாண்டும். ஊருக்கு வெளியூர் செல்லும் குடும்பம் இரண்டு நாளுக்குச் சேர்த்துப் போட்டுவிட்டுப் போகும் ஒரு சிட்டிகை உணவு, கசிவு நாளின் காற்றைப்போல் பதின்மூன்று மடங்கு அமோனியாவைத் தொட்டியில் சேர்க்கிறது. மனிதர் நுரையீரலுக்கும் திறந்த கடலுக்கும் கசிவு இழைத்த தீங்கை இக்கணக்கு எவ்வகையிலும் குறைத்துக் காட்டாது. கண்ணாடித் தொட்டிக்குள் இறந்த மீனுக்கான காரணத்தை முதலில் கண்ணாடிக்கு உள்ளேயே தேடவேண்டும் என்பதற்கே இது சான்றாகும்.

வடசென்னையின் தண்ணீர் வகைகள்

சென்னைக் குடிநீர் வாரியம் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளின் நீரைச் சுத்திகரித்து வழங்குகிறது. மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010இல் தொடங்கப்பட்ட, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன்கொண்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் நீர் வடசென்னைப் பகுதிகளுக்குச் செல்கிறது. குழாய் நீர் போதாத தெருக்களுக்கு லாரித் தண்ணீர் வருகிறது. இவற்றுடன் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரும், குடிப்பதற்கு வாங்கும் 20 லிட்டர் கேன் தண்ணீரும் உள்ளன. நான்கு ஏரிகளும் வறண்ட 2019 கோடையில் ஒரே வீட்டின் தரைத்தொட்டியில் இவை அனைத்தும் கலந்ததும் உண்டு.

மனிதருக்கு இவை யாவும் 'தண்ணீர்' என்னும் ஒரே பொருள். மீனுக்கு அவ்வாறில்லை. கடலோர ஆழ்துளைக் கிணற்று நீர் பொதுவாகக் கடினமானது, பைகார்பனேட்டும் உப்பும் மிகுந்தது, பி.எச். பெரும்பாலும் 7.5க்கு மேல் இருக்கும். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீர் மிகுதியாக இறைக்கப்பட்டதால் கடல்நீர் உட்புகுந்தது பல பத்தாண்டுகளாக ஆராயப்பட்டுவரும் சிக்கலாகும். மோலி, கப்பி ஆகிய மீன்களுக்கு இந்நீர் ஒத்துவரும். நியான் டெட்ரா போன்ற மென்னீர் மீன்களுக்கு ஒத்துவராது. கேன் தண்ணீர் இதற்கு நேர்மாறானது. சவ்வூடு வடிகட்டலில் கனிமங்கள் நீங்கிவிடுவதால் பி.எச். மாற்றத்தைத் தடுத்து நிறுத்தும் கார்பனேட்டு அதில் மிகக் குறைவு. 'மனிதர் குடிக்கும் நல்ல தண்ணீர்' என்று கருதிக் கேன் தண்ணீரை மட்டுமே ஊற்றி வளர்ப்பது, அன்பினால் செய்யப்படும் தவறுகளுள் தலையாயது எனலாம்.

காரணம் இது: பாக்டீரியாக்கள் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரசனை மாற்ற, கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால், ஏறத்தாழ 7 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகிறது. மென்னீர்த் தொட்டியில் இந்தக் கையிருப்பு சில வாரங்களில் தீர்ந்து, பி.எச். 6க்கு அருகில் இறங்கிவிடும். அந்நிலையில் பாக்டீரியாக்களின் வேலையும் தளர்கிறது. அமோனியா சேரத் தொடங்குகிறது. எனினும் பி.எச். குறைவாக இருப்பதால் அது தீங்கு குறைந்த அமோனியமாகவே தங்கி நிற்கிறது. மீன்கள் சற்றுச் சோர்ந்திருக்கும், இறப்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொட்டி அழுக்காகிவிட்டது என்று வீட்டார் பாதி நீரை இறைத்துவிட்டு ஆழ்துளைக் கிணற்று நீரை நிரப்புகின்றனர். மாற்றுவதற்கு முன் மொத்த அமோனியா லிட்டருக்கு 4 மில்லிகிராம், பி.எச். 6 எனக் கொண்டால் நச்சு வடிவம் 0.003 மில்லிகிராம். மாற்றிய பின் மொத்த அமோனியா பாதியாகி 2 மில்லிகிராம் ஆகிறது, ஆனால் பி.எச். 7.8க்கு உயர்கிறது. நச்சு வடிவம் 0.096 மில்லிகிராம். அமோனியா பாதியாகக் குறைந்தபின் நஞ்சு முப்பது மடங்கு கூடியிருக்கிறது. திங்கட்கிழமை காலையில் மீன்கள் மிதக்கின்றன. 'சுத்தம் செய்த மறுநாளே செத்துவிட்டன' என்னும் புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது இதுவே. புதிய நீரில் நஞ்சு ஏதுமில்லை. பழைய நீரிலிருந்த நஞ்சைப் புதிய நீர் விழிக்கச் செய்தது.

இதைத் தவிர்க்க, நீரை மாற்றும் முன் தொட்டி நீர், புதிய நீர் இரண்டின் பி.எச். மதிப்பையும் அளந்து பார்க்க வேண்டும். வேறுபாடு மிகுதியாக இருந்தால் ஒரே நாளில் பாதியை மாற்றாமல், நாளுக்குப் பத்தில் ஒரு பங்காக ஒரு வாரத்திற்கு மாற்றலாம். புதிய நீரைப் பிடித்தவுடன் ஒரு முறையும், காற்றேற்றி 24 மணி நேரம் கழித்து ஒரு முறையும் அளப்பது நல்லது. ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள கார்பன் டை ஆக்சைடு வெளியேறியபின் அதன் பி.எச். கூடும் என்பதால் முதல் அளவை மட்டும் நம்புவது ஏமாற்றத்தில் முடியும். காசிமேட்டுக் கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சல்களை அழகுக்காகத் தொட்டியில் இடும் வழக்கமும் உண்டு. அவை கால்சியம் கார்பனேட்டு ஆனவை. கரைந்து நீரின் கடினத்தையும் பி.எச். மதிப்பையும் மெல்ல உயர்த்தும். மோலித் தொட்டியில் இது நன்மை. டெட்ராத் தொட்டியில் தீமை.

குளோரின்

குடிநீர் பயனாளரைச் சென்றடையும் இடத்தில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்கவேண்டும் என இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 வரையறுக்கிறது. வாந்திபேதி போன்ற நோய்களிலிருந்து மனிதரைக் காக்கும் இதே அளவு மீனின் செவுளைப் பொசுக்கப் போதுமானது. லாரித் தண்ணீரில் இதைவிடக் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. மழைவெள்ளத்திற்குப் பின் தரைத்தொட்டிகளைப் பிளீச்சிங் பவுடரிட்டுக் கழுவும் நாட்களில் அளவு மேலும் கூடும். ஆண்டு முழுவதும் குழாய் நீரை நேரடியாக ஊற்றி இடரின்றி வளர்த்தவர்கள் அந்த ஒரு வாரத்தில் எல்லா மீன்களையும் இழப்பது இதனால்தான்.

வாயகன்ற வாளியில் ஒரு நாள் காற்றேற்றி வைத்தால் குளோரின் வெளியேறிவிடும். உடனடியாக வேண்டுமெனில் கடைகளில் ஆன்டி குளோரின் என்னும் பெயரில் விற்கப்படும் சோடியம் தயோசல்பேட்டு பயன்படும். ஒளிப்படக் கூடங்களில் ஹைப்போ எனப்பட்ட படிகமும் இதுவே. எடையளவில் ஒரு பங்கு குளோரினுக்கு ஏழு பங்கு படிகம் தேவை, லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் உள்ள 50 லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 175 மில்லிகிராம். நீரில் அமோனியாவும் இருந்தால் குளோரின் அதனுடன் சேர்ந்து குளோரமீனாக மாறும். குளோரமீன் ஒரு நாள் வைத்திருப்பதால் நீங்குவதில்லை. தயோசல்பேட்டு அதைச் சிதைத்தாலும் அமோனியா நீரிலேயே எஞ்சும்.

மற்றொரு இழப்பு கண்ணுக்குத் தெரியாமல் நிகழ்கிறது. வடிகட்டியின் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து கழுவும்போது குளோரின் அதிலுள்ள பாக்டீரியாக்களைக் கொல்கிறது. தொட்டி பளிச்சென்றிருக்கும், ஆனால் புதிதாக அமைத்த தொட்டியின் நிலைக்குத் திரும்பியிருக்கும். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசவேண்டும்.

வெப்பமும் மின்தடையும்

வெப்பம் கூடக்கூட நீரில் கரையும் ஆக்சிசன் குறைகிறது. முழுமையாகக் கரைந்த நிலையில் 20 பாகையில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராமும், 30 பாகையில் 7.6 மில்லிகிராமும், 35 பாகையில் 7 மில்லிகிராமும் இருக்கும். மீனின் தேவையோ வெப்பத்துடன் கூடுகிறது. 2003 மே மாத இறுதியில் சென்னையில் 45 பாகை பதிவானது. தகரக் கூரையோ வெயில் ஏறும் மாடியறையோ உள்ள வீடுகளில், குளிர்நீர் மீனான தங்கமீன் சித்திரை, வைகாசி மாதங்களில் இறப்பதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை. விற்பனையாளர்கள் தங்கமீனைத் தொடக்கநிலையாளருக்கு ஏற்றதெனப் பரிந்துரைப்பது சென்னையின் தட்பவெப்பத்திற்குப் பொருந்தாத அறிவுரை ஆகும்.

50 லிட்டர் நீரில் 30 பாகையில் உள்ள மொத்த ஆக்சிசன் 380 மில்லிகிராம் மட்டுமே. அளவாக மீன் உள்ள தொட்டியில் பம்பு நின்றாலும் நீர்ப்பரப்பு வழியாகக் கரையும் ஆக்சிசன் மீன்களைக் காப்பாற்றும். நெருக்கமான தொட்டியில் அவ்வாறு நடப்பதில்லை. 2012இல் சென்னையில் நாள்தோறும் இரண்டு மணி நேர மின்வெட்டு நடைமுறையில் இருந்தது. 2016 டிசம்பர் 12இல் கரையைக் கடந்த வர்தா புயலுக்குப் பின்னும், 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்சாம் புயலின்போதும் வடசென்னையின் பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அத்தகைய நேரத்தில் உணவிடுவதை முற்றிலும் நிறுத்துவதே முதல் உதவி. நலமாக உள்ள மீன் சில நாட்கள் உண்ணாமல் இருக்கும். உணவு செரிக்கும்போது அதன் ஆக்சிசன் தேவையும் அமோனியாக் கழிவும் கூடுகின்றன. தொட்டி நீரைக் குவளையால் மொண்டு சற்று உயரத்திலிருந்து மீண்டும் ஊற்றுவது எளிய காற்றேற்றமாகும்.

மூடிய வடிகட்டி பல மணி நேரம் நின்றிருந்தால் உள்ளே ஆக்சிசன் தீர்ந்து பாக்டீரியாக்கள் இறக்கத் தொடங்கும். மின்சாரம் வந்தவுடன் அதை அப்படியே இயக்கினால் தேங்கிய கெட்ட நீர் தொட்டிக்குள் பாயும். மின்தடையின்போது பிழைத்த மீன்கள் மின்சாரம் வந்தபின் இறப்பதன் காரணம் இதுவே.

கொசு மருந்து

பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய பகுதிகளில் கொசுத்தொல்லை ஓயாதது. கொசுவர்த்தி, திரவ ஆவியாக்கி, தெளிப்பான், தெருவில் அடிக்கப்படும் புகை மருந்து ஆகியவற்றில் பெரும்பாலானவை பைரெத்திராய்டு வகையைச் சேர்ந்தவை. பாலூட்டிகளின் உடலில் இவை விரைவில் சிதைகின்றன. மீனின் உடலில் அவ்வாறு சிதைவதில்லை. லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் என்னும் அளவிலேயே இவற்றுள் பல மீனைக் கொல்லும். மூடிய அறையில் தெளிப்பானை அடிக்கும்போது காற்றுப் பம்பு அந்தக் காற்றையே உறிஞ்சி நீருக்குள் அனுப்புகிறது. மேலே கண்ட அமோனியாக் கணக்கில் தீங்கற்றதாகத் தெரிந்த அதே வழி, ஆயிரம் மடங்கு வீரியமான நஞ்சுக்கு வாசலாகிவிடுகிறது.

தொட்டியில் இறால் இருந்தால் அது முதலில் இறக்கும். பின்னர் மீன்கள் நிலைதடுமாறி விட்டுவிட்டுத் துடிக்கும். புகை வண்டி வரும் நேரத்தில் பம்பை அரைமணி நேரம் நிறுத்தி, தொட்டியை ஈரத்துணியால் மூடி, காற்று தெளிந்தபின் மீண்டும் இயக்குவது போதுமானது. நஞ்சு கலந்துவிட்டதாகத் தெரிந்தால் நீரைப் பெருமளவு மாற்றி, வடிகட்டியில் செயலூட்டிய கரியை இடவேண்டும். சுவருக்கு வண்ணம் பூசும் நாட்களுக்கும் இது பொருந்தும்.

நோய்

இவை அனைத்தும் இல்லை எனத் தெளிந்தபின்னரே நோயைக் கருதவேண்டும். வெண்புள்ளி நோயில் உப்புத் தூவியதுபோல் புள்ளிகள் தோன்றும். வெப்பமான நீரில் வாயோரத்திலும் முதுகிலும் பஞ்சுபோல் வெண்படலம் தோன்றினால் அது பெரும்பாலும் பூஞ்சையன்று, பாக்டீரியாத் தொற்று. சாக்கடைச் சேற்றிலிருந்து எடுக்கப்படும் செம்புழுக்களை உயிருணவாகக் கொடுப்பது தொற்றுக்கு ஒரு வழி. புதிய மீனைத் தனித்தொட்டியில் இரண்டு வாரம் வைக்காமல் சேர்ப்பது மற்றொரு வழி.

காரணம் தெரியாமல் மருந்திடுவதன் கேடு இரட்டிப்பானது. மெத்திலீன் நீலமும் பல நுண்ணுயிர்க்கொல்லிகளும் வடிகட்டியின் பாக்டீரியாக்களையும் அழிக்கும். அமோனியாவால் இறந்துகொண்டிருக்கும் மீன்களுக்கு இவற்றை இட்டால் அமோனியா மேலும் கூடும், மீதியும் இறக்கும், நோய் கடுமையானது என்னும் தவறான முடிவுக்கு வளர்ப்பவர் வருவார். ஐயம் உள்ளபோது மருந்துக்குப் பதிலாக, குளோரின் நீக்கிய, பி.எச். ஒத்த நீரைச் சிறிதளவு மாற்றுவதும் உணவை நிறுத்துவதும் பாதுகாப்பானவை.

ஆய்வுக்கு அனுப்புதல்

மீன்களைப் பெருமளவில் வளர்ப்போர் ஆய்வகத்தை நாடலாம். 2012இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகத்திற்கு மாதவரத்தில் ஒரு வளாகமும் பொன்னேரியில் ஒரு கல்லூரியும் உள்ளன. இரண்டும் வடசென்னைக்கு அண்மையானவை. மிதந்து பல மணி நேரமான மீன் ஆய்வுக்குப் பயன்படாது. சென்னை வெப்பத்தில் செவுளும் குடலும் விரைவில் அழுகிவிடுவதால் எது நோய், எது அழுகல் எனப் பிரித்தறிய இயலாது. இறக்கும் தறுவாயிலுள்ள மீன் சிறந்தது. இல்லையெனில் இறந்தவுடன் நெகிழிப் பையிலிட்டு, உறையவைக்காமல், நொறுக்கிய பனிக்கட்டியின் மீது வைத்து எடுத்துச்செல்ல வேண்டும். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி வாழ்பவர்களுக்கு நொறுக்கிய பனிக்கட்டி கிடைப்பதில் சிரமமில்லை. மீனுடன் ஒரு லிட்டர் தொட்டி நீரையும், தொட்டியில் கடைசியாக ஊற்றிய மூலநீரில் ஒரு லிட்டரையும் தனித்தனிக் குப்பிகளில் காற்றிடைவெளியின்றி நிரப்பி, நாளும் நேரமும் எழுதி ஒட்டவேண்டும். இரண்டு நீரும் இல்லாமல் மீனை மட்டும் கொண்டுசென்றால் நோய் உண்டா இல்லையா என்பதை மட்டுமே ஆய்வகத்தால் சொல்ல இயலும்.